கையை எடுத்தால் நிற்க வேண்டும்

ஆம்பூர்
9-2-1984

அன்புள்ள தங்கை சந்திராவுக்கு, அண்ணன் பரந்தாமன் எழுதுவது.

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதே. மூன்று வருஷமாக நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. உன் அயனாவரம் விலாசத்தை குடியாத்தத்தில் அம்மாவிடம் கேட்டு வாங்கினேன். அம்பத்தூரில் ரிலே செய்கிற கம்பெனியில் நீ டெஸ்டிங் பிரிவில் இருப்பதாகவும் அம்மாதான் சொன்னாள். அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

பிரஸ்ஸைத் திரும்ப ஓட்டப் போகிறார்கள்.

மாப்பிள்ளைக்குக் கை போன அன்றைக்கு நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடினோமே, அதே ஜெர்மன் பிரஸ். இத்தனை நாள் தோலுக்கு இஸ்திரி போடுகிற வேலையை வெளியே கொடுத்து வாங்கினார்கள். இப்போது ஷூ தோலுக்குப் பெரிய ஆர்டர் வந்திருக்கிறது. புது மிஷினுக்கு இறக்குமதி லைசென்ஸ் கிடைக்கவில்லை. போன வாரம் மேனேஜர் கூப்பிட்டு, "பரந்தாமா, அந்த பிரஸ்ஸை கெளப்பு" என்றார்.

பம்பு நன்றாக இருக்கிறது. கன்ட்ரோல் பெட்டியில் அந்த ஒரு ரிலேதான் இல்லை. இரண்டு பட்டனையும் இரண்டு கையால் அமுக்கினால்தான் மேஜை ஏறி மேலே ஸ்டீம் தட்டில் தோலை அழுத்தும். ஒரு கையை எடுத்தாலும் ரிலே கரண்டை விட்டுவிட வேண்டும், மேஜை இறங்கிவிட வேண்டும். தோலில் சுருக்கம் இருந்தது, வலது கையை எடுத்து நீவினேன், மேஜை நிற்காமல் ஏறிவிட்டது என்று மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் சொன்னார். ஆனால் அன்று சாயந்திரம் கம்பெனி வரவழைத்த ஆள் அந்த ரிலேயை எடுத்துச் சோதித்தபோது அது ஒழுங்காக விட்டது. கவனக்குறைவு என்று எழுதிவிட்டுப் போனார். அதெல்லாம் உனக்குத் தெரிந்த கதை.

உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அந்த ரிலே எரிந்துபோய்விட்டது என்று மேனேஜரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எரியவில்லை. என் டூல் பெட்டியில்தான் கிடக்கிறது. அதைத் திரும்ப மாட்ட மாட்டேன்.

ஜெர்மன்காரனுக்கு எழுதிக் கேட்டோம். அந்த மாடலை நிறுத்தி ரொம்ப நாள் ஆகிறது என்று பதில் வந்தது. பம்பாய் ஏஜென்டும் கையை விரித்துவிட்டான். மாதக் கடைசிக்குள் ரிலே கிடைக்காவிட்டால் ஒரே பட்டனில் நேராக வயர் கொடுத்து ஓட்டச் சொல்கிறார் மேனேஜர். அப்படி ஓட்டினால் இன்னொரு கை எங்கே இருக்கிறது என்று மிஷின் கேட்காது. நிற்கப் போகிறவன் மாதனூர் பெருமாள். போன ஆவணியில்தான் கல்யாணம் ஆயிற்று.

புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளில் அந்த மாடல் இருக்கலாம் என்கிறார்கள். இருந்தாலும் சோதித்துச் சொல்ல ஆள் வேண்டும். உன்னைத் தவிர எனக்கு யாரையும் தெரியாது. இதை யாரிடம் கேட்கிறேன் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

மாப்பிள்ளையை விசாரித்ததாக ஒரு வரி எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

உன் அண்ணன்
பரந்தாமன்


அயனாவரம், சென்னை-23
14-2-1984

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

அவர் கை போனது வெள்ளிக்கிழமை. வேலூர் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தார். திங்கட்கிழமை காலையில் நீங்கள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அதே கம்பெனிக்கு வேலைக்குப் போனீர்கள். போகாதீங்கண்ணா என்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று சொன்னேன். போனீர்கள். ஏன் என்று நீங்கள் சொல்லவே இல்லை. இப்போதும் சொல்ல வேண்டாம். இதைக் கோபத்தில் எழுதவில்லை. கோபம் வந்தால் நன்றாக இருக்கும். வருவதில்லை.

அவர் இருக்கிறார். காலையில் ஜன்னலோரம் நாற்காலி போட்டுவிட்டுப் போனால், சாயந்திரம் நான் வரும்போதும் அங்கேயே இருப்பார். மூடி வைத்த சோறு சில நாள் அப்படியே இருக்கும். ஏன் சாப்பிடவில்லை என்றால் "மறந்துட்டேன்" என்பார். பொய் இல்லை. நிஜமாகவே மறந்துவிடுகிறார். முதல் வருஷம், "நான் கையை எடுத்தேன் சந்திரா" என்று தினமும் சொல்வார். அடுத்த வருஷம், "எடுத்தேன்னுதான் நெனைக்கிறேன்" என்றார். இப்போது அந்தப் பேச்சே இல்லை. உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை.

ரிலே வேண்டும் என்கிறீர்கள். காயிலுக்கு எத்தனை வோல்ட்? எத்தனை கான்டாக்ட்? பெட்டிக்குள் எவ்வளவு சூடு? ஒன்றும் எழுதாமல் கடைக்குப் போ என்றால் நான் என்னவென்று கேட்பது? பழைய ரிலே உங்களிடம் இருக்கிறது என்றீர்களே, அதை அனுப்புங்கள்.

சந்திரா


ஆம்பூர்
18-2-1984

அன்புள்ள சந்திராவுக்கு,

காயிலுக்கு 110 வோல்ட். கான்டாக்ட் மூன்று. பெட்டி ஸ்டீம் தட்டுக்கு நேர் பின்னால் இருக்கிறது. மதியத்துக்கு மேல் அதன் கதவில் கை வைக்க முடியாது, அவ்வளவு சூடு.

அனுப்புவதா வேண்டாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன். மாடல் நம்பர் உள்ள மூடியை மட்டும் அனுப்பலாம் என்று நினைத்தேன். மூடியைப் பார்த்து நீ என்ன செய்வாய்? முழுசாகவே அனுப்புகிறேன். ஃபினிஷிங் ஃபோர்மேன் நிசார் அஹமது வேலையாகச் சென்னை வருகிறார். அவரிடம் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை கண்ணில் படாமல் உன் கையில் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

பெருமாள் நீங்கள் இரண்டு பேரும் ஊரைவிட்டுப் போன பிறகு சேர்ந்தவன். கம்பெனி பஸ்ஸில் வருவான். வாய் ஓயாது. தார்ப்பாயை எடுத்ததும் பிரஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வந்தான். "ஏண்ணா, இதுலயா ஒருத்தருக்கு கை போச்சு? அவர் ஏன் உள்ள வெச்சாரு?" என்று கேட்டான். நான் வெளியே வந்துவிட்டேன்.

திங்கட்கிழமையைப் பற்றிப் பதில் சொல்ல வேண்டாம் என்று நீயே எழுதிவிட்டாய். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேன்.

பரந்தாமன்


அயனாவரம்
1-3-1984

அண்ணனுக்கு,

நிசார் பாய் வந்தபோது நான் வேலையில் இருந்தேன். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, ரயிலுக்கு நேரமானதால் பொட்டலத்தை இவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பாய் அழுதாராம். மத்தியானம் தண்ணீர் லாரி வந்தது என்று சொல்வதுபோல் இவர் சொன்னார்.

நான் உள்ளே நுழைந்தபோது பொட்டலம் பிரிந்து அவர் மடியில் இருந்தது.

"இதான் அதா?"

"ஆமா."

"இத்தனூண்டா?" என்றார்.

நானும் கையில் வாங்கிப் பார்த்தேன். ஏதாவது ஆகும் என்று பயந்துகொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. கம்பெனியில் தினம் பார்க்கிற சாமான்களில் ஒன்றுபோலத்தான் இருந்தது.

சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு புதுப்பேட்டை போனேன். இஷ்தியாக் அகமது என்பவரின் கடையில், உடைத்த அச்சு மிஷின் ஒன்றிலிருந்து எடுத்த அதே மாடல் ரிலே இருந்தது. "ஜெர்மன் சரக்கும்மா, உங்க பேரன் காலம் வரைக்கும் ஓடும்" என்றார். சோதித்துவிட்டுத் திருப்பித் தருவேன் என்றேன். "எல்லாரும் வாங்கினு போய்தான் சோதிப்பாங்க, நீங்க வேற மாதிரி இருக்கீங்களே" என்றார். ஆனால் கொடுத்தார்.

கம்பெனியில் கழித்துப்போட்ட டெஸ்ட் போர்டு ஒன்றும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றும் சூப்பர்வைசர் சௌந்தரம் அக்காவிடம் கேட்டு வாங்கி வந்தேன். பட்டனை அமுக்கினால் ரிலே இழுக்கும், பல்பு எரியும். கையை எடுத்தால் ரிலே விடும், பல்பு அணையும். அவ்வளவுதான் சோதனை. அதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். நான் வேலைக்குப் போக வேண்டும். போர்டை மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். சாயந்திரம் வந்து பார்த்தால் அது அவர் மடியில் இருந்தது. இடது கைக் கட்டைவிரல் சிவந்து கிடந்தது. சோறு தீர்ந்திருந்தது.

"நல்லாத்தான் விடுது. ரெண்டுமே நல்லாத்தான் விடுது," என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

அப்போதுதான் நீங்கள் எழுதிய சூடு ஞாபகம் வந்தது. மறுநாள் விடுமுறை. உங்கள் பழைய ரிலேயை ஒரு அலுமினிய டப்பாவில் வைத்து ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் வைத்தேன். டப்பா கை பொறுக்காத சூடு ஆனதும் அவர் அமுக்க ஆரம்பித்தார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

"சந்திரா" என்று கூப்பிட்டார். திரும்பினேன். கையை மேலே தூக்கி வைத்திருந்தார். பல்பு எரிந்துகொண்டே இருந்தது.

"விடலை," என்றார்.

டப்பாவை இறக்கி வைத்தோம். ஆறியதும் டக்கென்று விட்டது. திரும்பச் சூடு காட்டினோம். திரும்ப ஒட்டியது. புதுப்பேட்டை ரிலேயையும் வைத்துப் பார்த்தோம். அதுவும் அப்படித்தான். மறுநாள் கம்பெனியில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். காயிலின் முகத்தில் பூசிய பழைய வார்னிஷ் இளகிப் பசையாகியிருக்கிறது. சூட்டில் பிடித்துக்கொள்ளும், ஆறினால் விட்டுவிடும். அன்று மிஷினை நிறுத்தி, எல்லாம் ஆறிய பிறகு அந்த ஆள் சோதித்தார். அப்போது அது ஒழுங்காகத்தான் விட்டிருக்கும்.

அவர் கையை எடுத்திருக்கிறார் அண்ணா.

இதை எழுதிவிட்டு இந்த வரியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். சந்தோஷப்பட வேண்டும், அல்லது வயிறு எரிய வேண்டும். இரண்டும் இல்லை. அவரும் போர்டை மேஜையில் வைத்துவிட்டு ஜன்னலுக்கே போய்விட்டார்.

புதுப்பேட்டை ரிலேயை அனுப்ப மாட்டேன். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வேறு வழி பார்க்கிறேன். அதுவரை ஓட்ட விடாதீர்கள்.

சந்திரா


ஆம்பூர்
7-3-1984

அன்புள்ள சந்திரா,

உன் கடிதம் வருவதற்கு முன்பே ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். வயர் கொடுக்க மாட்டேன் என்றேன். வாணியம்பாடியிலிருந்து ஒரு வயர்மேனைக் கூட்டிவந்து கொடுத்தார்கள். பெருமாள் இடது கையால் பட்டனை அமுக்குகிறான், வலது கையால் தோலை இழுத்து விடுகிறான். வேலை வேகமாக நடக்கிறது. மேனேஜர் என்னைப் பார்த்து, "இன்னா ஆச்சு? ஒண்ணும் ஆகலையே" என்றார்.

உன் கடிதம் வந்ததும் அவரிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு, "சமையல் அடுப்புல வெச்சுப் பாக்கறதெல்லாம் டெஸ்டா பரந்தாமா? ஆர்டர் போய்டுச்சுன்னா இங்க எல்லார் வீட்டு அடுப்பும் அணைஞ்சிடும்" என்றார். அவர் சொன்னதிலும் பொய் இல்லை. அதுதான் பேஜார்.

நான் பிரஸ்ஸுக்குப் போனேன். மெயினை அணைத்து, ஃப்யூஸ் கட்டைகளைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, சைக்கிளில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். அதுவும் ஜெர்மன் ஃப்யூஸ்தான். எந்தக் கடையிலும் கிடைக்காது.

என்னை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். போலீசுக்குப் போவோம் என்கிறார்கள். நிசார் பாய் வீட்டுக்கு வந்து, "குடுத்துடு பரந்தாமா, ஜாஸ்தி இழுக்காத" என்றார். டீ குடித்தார். போகும்போது, "பத்திரமா வெச்சிருக்கியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஏதோ வீரம் செய்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. வந்து கை கால் கழுவினேன், சாப்பிட்டேன், தூங்கினேன். மூன்று வருஷத்துக்கு முன்பு நானே செய்திருக்க வேண்டிய சோதனையை மாப்பிள்ளை செய்திருக்கிறார் என்பது மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது.

வேறு வழி என்று எழுதியிருந்தாயே, அது என்ன?

பரந்தாமன்


அயனாவரம்
13-3-1984

அண்ணனுக்கு,

பழைய மாடலைத் தேடுவதை விட்டுவிடுங்கள். அது எங்கே கிடைத்தாலும் அதே வயசு, அதே வார்னிஷ். எங்கள் கம்பெனி ரிலே இரண்டை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து ஒரு தகட்டில் பொருத்தியிருக்கிறேன். ஒன்று ஒட்டிக்கொண்டாலும் இன்னொன்று விட்டுவிடும். ஒன்று ஒட்டியிருந்தால் அடுத்த தடவை மிஷின் கிளம்பவே கிளம்பாது. படம் எங்கள் இன்ஜினியர் போட்டுக் கொடுத்தார். சௌந்தரம் அக்கா கம்பெனி சூட்டடுப்பில் வைத்துச் சோதிக்க அனுமதி வாங்கித் தந்தார். வேண்டுமென்றே ஒன்றைக் கட்டி வைத்தும் பார்த்தேன். நின்றது. பெட்டியைத் தட்டுக்குப் பின்னாலிருந்து எடுத்துச் சுவரில் மாட்டுங்கள். அதையும் செய்தால்தான் அனுப்புவேன்.

பார்சலில் போடலாம் என்றிருந்தேன். இவர் நான் கொண்டுபோகிறேன் என்கிறார்.

எனக்கு லீவு கிடைக்கவில்லை. இந்த மூன்று வருஷத்தில் இவர் தெருமுனைக் கடைக்குக்கூடத் தனியாகப் போனதில்லை. வேண்டாம் என்றேன். "நான் போறேன்" என்றார். எதற்கு என்றேன். அதற்குப் பதில் இல்லை. உங்களைப் போலவே.

சனிக்கிழமை காலை ரயிலில் ஏற்றிவிடுகிறேன். பழைய ரிலேயையும் டெஸ்ட் போர்டையும்கூடப் பையில் வைத்துக்கொண்டிருக்கிறார். ஸ்டேஷனில் நீங்களே நில்லுங்கள். வேறு யாரையும் அனுப்பாதீர்கள்.

சந்திரா


ஆம்பூர்
20-3-1984

அன்புள்ள சந்திரா,

இதை மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்பவில்லை, தபாலில்தான் போடுகிறேன். அவர் வந்து சேர்ந்த பிறகு இது கிடைக்கும். அவர் எதையும் விவரமாகச் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

ரயிலிலிருந்து இறங்கியதும், "கம்பெனிக்குப் போலாம் மச்சான்" என்றார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனேன். என்னை உள்ளே விடக்கூடாது என்று வாட்ச்மேனுக்கு உத்தரவு. அவன் மாப்பிள்ளையின் முழுக்கைச் சட்டை நுனியைப் பார்த்தான். எழுந்து ஒதுங்கி நின்றுவிட்டான்.

மாப்பிள்ளையைப் பார்த்ததும் மேனேஜர் நிஜமாகவே திடுக்கிட்டார். "இன்னா ஜார்ஜ், எப்டி இருக்கே?"

"இருக்கேன் சார்."

மாப்பிள்ளை பையைத் திறந்தார். பழைய ரிலேயை ஸ்டீம் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, போர்டோடு வயரைச் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். சூடு ஏறட்டும் என்று ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். டீ வந்தது, குடித்தார். ஃபினிஷிங் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். போங்கடா என்று யாரும் விரட்டவில்லை.

பிறகு எழுந்து கட்டைவிரலால் அமுக்கினார். எரிந்தது. எடுத்தார். அணைந்தது. அமுக்கினார், எடுத்தார், அமுக்கினார், எடுத்தார். மேனேஜர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அப்போது ஒருமுறை மாப்பிள்ளை கையை எடுத்தார், பல்பு அணையவில்லை. எடுத்த கையை அப்படியே எல்லாரும் பார்க்கும்படி தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். பல்பு எரிந்துகொண்டே இருந்தது.

பெருமாள்தான் கேட்டான். "அப்ப அன்னிக்கு நீங்க கையை எடுத்தீங்க?"

"எடுத்தேன்."

"நான் இதுல நிக்கமாட்டேன் சார்," என்றான் பெருமாள், மேனேஜரைப் பார்த்து. "புதுசு மாட்டுங்க. அப்புறம் நிக்கறேன்."

மேனேஜர் கொஞ்ச நேரம் பல்பையே பார்த்தார். "மாட்டு பரந்தாமா" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. நான் எதிர்பார்த்தேன். மாப்பிள்ளை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

பெட்டியைச் சுவருக்கு மாற்றி, நீ செய்த தகட்டை மாட்டி முடிக்க ஞாயிறு சாயந்திரம் ஆகிவிட்டது. ஃப்யூஸைப் போட்டேன். மாப்பிள்ளை மிஷினுக்கு முன்னால் போய் நின்றார், முன்பு நிற்கிற அதே இடத்தில். இடது கையை இடது பட்டன்மேல் வைத்தார். வலது பட்டனைப் பார்த்தார். அது இரண்டு கை கேட்கிற மிஷின். நான் பக்கத்தில் போய் என் கையை அந்தப் பட்டன்மேல் வைத்தேன்.

"அமுக்குங்க மச்சான்" என்றார். மேஜை ஏறியது. பாதியில், "எடுங்க" என்றார். எடுத்தேன். இறங்கிவிட்டது. திரும்ப ஏற்றினோம். திரும்ப எடுத்தேன். இப்படியே செய்துகொண்டிருந்தோம். போதும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கடைசியில் நிசார் பாய் வந்து அவர் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார்.

நாளை முதல் என்னை வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். போவதா வேண்டாமா என்று தெரியவில்லை. இந்தத் தடவை உன்னைக் கேட்காமல் போகமாட்டேன். பதில் வரும்வரை வீட்டில்தான் இருப்பேன்.

பரந்தாமன்


அயனாவரம்
25-3-1984

அன்புள்ள அண்ணனுக்கு,

போங்கள். நீங்கள் அங்கே இல்லையென்றால் அடுத்த ஆர்டர் வரும்போது வயரைத் திரும்பக் கொடுப்பார்கள். பெருமாள் மறந்துவிடுவான். மேனேஜரும் மறந்துவிடுவார். மாதம் ஒருமுறை இரண்டு ரிலேயையும் கழற்றித் துடைத்து, சூட்டோடு சோதியுங்கள். ஆறிய பிறகு சோதிக்காதீர்கள். ஒன்றில் சந்தேகம் வந்தாலும் எழுதுங்கள், மாற்று அனுப்புகிறேன்.

ஒன்று கேட்கிறேன், பதில் வேண்டாம். அந்தத் திங்கட்கிழமை நீங்கள் போய் அந்த ரிலேயை எடுத்து வைக்காமல் இருந்திருந்தால் அது யாருடைய கைக்குப் போயிருக்கும் என்று இப்போதுதான் யோசித்தேன். முன்பே யோசித்திருக்கலாம். என்னால் முடியவில்லை.

இவர் வந்த அன்று "ஓடுது" என்றார், அவ்வளவுதான். மறுநாள் காலை குழாயடியில் முகம் கழுவப் போனார். ரொம்ப நேரம் ஆளைக் காணவில்லை. போய்ப் பார்த்தால் பக்கெட் நிரம்பி வழிந்துகொண்டிருக்கிறது, இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அழுகிறார். ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்த அன்றுகூட அழாத மனுஷன், சத்தமாக, சின்னப்பிள்ளை மாதிரி. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். நான் கையைக் காட்டி உள்ளே போகச் சொன்னேன். குழாயை மூடினேன். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்திலேயே நின்றேன்.

அழுது முடித்து, தலையைத் துவட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "பசிக்குது" என்றார். மூன்று வருஷத்தில் அவராகக் கேட்டு நான் சோறு போட்டது அன்றுதான்.

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை அண்ணா. வந்தால் எழுதுகிறேன்.

சந்திரா